எல்லாக் கிளிப்பும் −1 டிபி, ஆனாலும் குரல் ஏறி இறங்குகிறது: காரணமும் சரிசெய்யும் வழியும்

கேள்வி இதுதான். ஒரு மணி நேரப் பேட்டி. இரண்டு பேருக்கும் காலர் மைக். இடையில் தெருவில் போனில் எடுத்த சில துண்டுகள், அடியில் பிஜிஎம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் எல்லாக் கிளிப்பையும் −1 டிபிக்கு (டிபி என்பது டெசிபல், ஒலி அளவின் அலகு; 0தான் உச்ச எல்லை) நார்மலைஸ் செய்தாயிற்று, அதாவது ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாயிற்று. அப்படியும் ஒருவர் குரல் காதில் அறைகிறது, மற்றவர் பேசும்போது வால்யூமைக் கூட்ட வேண்டியிருக்கிறது. யூடியூபில் ஏற்றினால் மற்ற வீடியோக்களைவிடச் சத்தம் குறைவு. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளிலும் இதே கதை. எங்கே தவறு?

தவறு அந்த −1 டிபியில்தான் இருக்கிறது. அந்த நார்மலைஸ் கிளிப்பில் உள்ள ஒரே ஒரு உச்சத்தை, அதாவது பீக்கை, மட்டும் பார்த்து அதை −1இல் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒருவர் நடுவில் ஒருமுறை பலமாகச் சிரித்தார், அல்லது மைக்கில் கை பட்டது என்றால் அந்தத் தட்டல்தான் −1ஐத் தொடும். அவர் பேச்சு அதற்கு 25 டிபி கீழே கிடக்கும். மற்றவர் ஒரே சீராகப் பேசுகிறவர் என்றால் அவர் பேச்சு உச்சத்துக்கு 14, 15 டிபி கீழேயே இருக்கும். மீட்டரில் இரண்டு பேரும் −1தான். காதுக்கோ 10 டிபி வித்தியாசம், அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். காது உச்சத்தைக் கேட்பதில்லை. கொஞ்ச நேரத்துக்குச் சேர்த்து வரும் சராசரி ஆற்றலைத்தான் கேட்கிறது.

அந்தச் சராசரியை அளப்பதற்கான அலகுதான் லஃப்ஸ். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்ட பிஎஸ் 1770 என்ற விதியிலிருந்து இந்த அளவை வந்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் தொலைக்காட்சிக்கு −23 லஃப்ஸ் என்று வகுத்தது. அமெரிக்காவில் விளம்பரங்கள் நிகழ்ச்சியைவிட அலறுகின்றன என்ற புகாருக்காகச் சட்டமே வந்து, 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்த அளவை காதைப்போலவே மிகத் தாழ்ந்த உறுமலைக் குறைத்தும் மேல் அலைவரிசைகளைக் கொஞ்சம் கூட்டியும் கணக்கிடும். −70க்குக் கீழுள்ள மௌனத்தை ஒதுக்கிவிடும். மீதியின் சராசரிக்கு 10 கீழே விழும் பகுதிகளையும் கணக்கில் சேர்க்காது. அதனால் பேச்சுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருந்தாலும் எண் ஏமாற்றாது.

லஃப்ஸ் காட்டும் லவுட்னெஸ் மீட்டரில் மூன்று எண்கள் தெரியும். மொமென்டரி 400 மில்லிவிநாடிக்கு உரியது, ஷார்ட் டெர்ம் கடந்த 3 விநாடிக்கு, இன்டக்ரேட்டட் தொடக்கத்திலிருந்து இதுவரை முழுவதற்கும். குரல்களை ஒன்றுக்கொன்று சமன் செய்யப் பார்க்க வேண்டியது ஷார்ட் டெர்ம். முழு வீடியோவுக்கு இலக்கு வைக்க இன்டக்ரேட்டட். இதைக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். ஒரு கணக்கு பாருங்கள்: 10 நிமிட வீடியோவில் முதல் பாதி −12, இரண்டாம் பாதி −20. இன்டக்ரேட்டட் எத்தனை காட்டும்? −14.4. யூடியூபுக்குக் கச்சிதமான எண்! ஆனால் பார்ப்பவர் ஐந்தாவது நிமிடத்தில் ரிமோட்டைத் தேடுவார். எனவே இன்டக்ரேட்டட் எண் சரியாக வந்துவிட்டது என்பதால் வீடியோ சீராக இருக்கிறது என்று ஆகாது.

இலக்கு எவ்வளவு? யூடியூப் ஏறக்குறைய −14 லஃப்ஸுக்கு மேலிருப்பதைக் குறைக்கும். கீழிருப்பதைப் பொதுவாக உயர்த்தாது. உங்கள் சத்தம் குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம். வீடியோ ஓடும்போது வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால் கன்டென்ட் லவுட்னெஸ் என்று ஒரு எண் தெரியும். அது −6 என்றால் உங்கள் வீடியோ யூடியூப் அளவைவிட 6 டிபி தாழ்வு. +3 என்றால் 3 டிபி குறைத்து ஒலிக்கிறார்கள், நீங்கள் அமுக்கி ஏற்றியது வீண். 2023இல் வந்த ‘ஸ்டேபிள் வால்யூம்’ வசதி ஓடிக்கொண்டிருந்தால் அது தானே ஏற்றி இறக்கும். ஒப்பிடும்போது அதை அணைத்துவிடுங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட் கேட்பது −16, நெட்ஃபிளிக்ஸ் பேச்சை மட்டும் அளந்து −27. பேட்டி வீடியோவுக்கு என் பரிந்துரை −14 அல்ல, −16 முதல் −15. காலர் மைக்கில் பிடித்த பச்சைக் குரலின் உச்சம் அதன் சராசரியைவிட 16, 18 டிபி மேலே போகும். −14இல் வைத்தால் −1 என்ற கூரைக்கு 13 டிபிதான் இடம். மீதியை நசுக்கியே ஆக வேண்டும். ஒன்றிரண்டு டிபி குறைவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நசுங்கிய குரல் ஒரு மணி நேரத்தில் களைப்பைத் தரும்.

இனி வேலை. வரிசையை மாற்றாதீர்கள், பாதிச் சிக்கல் வரிசை தவறுவதால்தான் வருகிறது.

முதலில் சேனல். காலர் மைக்கின் ஒலி பல கேமராக்களில் இடது சேனலில் மட்டும் பதிவாகும், அல்லது ஒருவர் இடதிலும் மற்றவர் வலதிலும். அப்படியே விட்டால் ஹெட்போனில் ஒரு காதில் மட்டும் கேட்கும், அளவும் பொய் சொல்லும். ரிசால்வில் மீடியா பூலில் இருக்கும்போதே கிளிப் ஆட்ரிபியூட்ஸ், ஆடியோ போய் ஒவ்வொரு சேனலையும் தனி மோனோவாக மாற்றுங்கள். பிரீமியரில் மாடிஃபை, ஆடியோ சேனல்ஸ். இதை டைம்லைனில் போடுவதற்கு முன் செய்வது எளிது, வெட்டிய பிறகு செய்வது தலைவலி. ஆளுக்கொரு ட்ராக், போன் துண்டுகளுக்கு ஒன்று, இசைக்கு ஒன்று, சூழல் ஒலிக்கு ஒன்று. ஒரே ட்ராக்கில் இரண்டு பேரையும் போட்டால் பின்னால் கம்ப்ரசர் (உரத்த இடங்களைத் தானே அமுக்கும் கருவி) வைக்கவே வழி இருக்காது.

இங்கே ஒரு கண்ணி. ஒரு மோனோ ஒலியைத் தனியாக அளந்தால் வரும் எண்ணைவிட, அதையே இரண்டு ஸ்பீக்கரிலும் முழு அளவில் ஒலிக்கவிட்டு அளந்தால் 3 கூடுதலாக வரும். சில மென்பொருள்கள் நடுவில் வைத்த மோனோவை ஒவ்வொரு பக்கமும் 3 டிபி குறைத்து இதை ஈடுகட்டும், சில செய்யாது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் −19 என்று பார்த்தது டைம்லைனில் −16 ஆவதன் மர்மம் இதுதான். எப்போதும் எல்லா ட்ராக்கும் வந்து சேரும் கடைசி பஸ்ஸில், ஸ்டீரியோவாக அளந்த எண்ணை மட்டும் நம்புங்கள்.

அடுத்து கிளிப் கெயின், அதாவது ஒவ்வொரு கிளிப்பின் ஒலி அளவையும் கூட்டிக் குறைப்பது. இதுதான் முழு வேலையின் முதுகெலும்பு. ஒவ்வொருவர் ட்ராக்கையும் சோலோ செய்து, அதாவது அது மட்டும் கேட்கும்படி வைத்து, அவர் இயல்பாகப் பேசும் 15 விநாடியை ஓடவிட்டு ஷார்ட் டெர்ம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிரிப்பும் இழுத்த மௌனமும் இல்லாத இடமாக இருக்கட்டும். பேட்டியாளர் −22, விருந்தினர் −28, தெருத் துண்டு −33 என்று வைத்துக்கொள்வோம். எல்லாரையும் −20க்குக் கொண்டுவர வேண்டும் என்றால் முறையே 2, 8, 13 டிபி கூட்ட வேண்டும். லஃப்ஸில் 1 புள்ளி என்பது 1 டிபிதான், வேறு சூத்திரம் இல்லை. ஏன் நேராக −16க்குப் போகாமல் −20? கம்ப்ரசர் உச்சத்தைத் தட்டிய பிறகு மிச்சத்தை ஏற்றிக்கொள்ளலாம். இப்போதே ஏற்றினால் சிரிப்பெல்லாம் 0ஐத் தாண்டும்.

ரிசால்வில் கிளிப்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக், ‘நார்மலைஸ் ஆடியோ லெவல்ஸ்’. நீங்கள் சாம்பிள் பீக் என்ற முறையைத் தேர்ந்திருப்பீர்கள்; அதற்குப் பதில் பிஎஸ் 1770-4ஐத் தேர்ந்து, இலக்கு −20 கொடுங்கள். அதே பெட்டியில் ‘ரிலேட்டிவ்’, ‘இண்டிபெண்டன்ட்’ என்று இரண்டு தேர்வுகள் உண்டு. பலரும் இதைக் கவனிக்காமல் ஓகே கொடுத்துவிடுகிறார்கள், வீடியோ கெடுவது இங்கேதான். இண்டிபெண்டன்ட் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக −20க்கு இழுக்கும். ஒரே டேக்கை, அதாவது ஒரே மூச்சில் எடுத்த பதிவை, 60 துண்டாக வெட்டியிருக்கிறீர்கள், அதில் ஒரு துண்டில் விருந்தினர் மெல்ல ‘ம்… ஆமாம்’ என்கிறார் என்றால், அந்த முனகலும் முழுப் பேச்சின் அளவுக்கு ஏறும். கூடவே ஃபேன் இரைச்சலும் ஏறும். ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி குதிப்பது இதனால்தான். ரிலேட்டிவ் எல்லாத் துண்டுகளையும் ஒரே கிளிப்பாக எண்ணி ஒரே அளவு நகர்த்தும். மெல்லச் சொன்னது மெல்லவே இருக்கும். ஆகவே ஒரே ஆள், ஒரே டேக் என்றால் ரிலேட்டிவ். வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு மைக்கில் எடுத்த தெருத் துண்டுகளுக்கு இண்டிபெண்டன்ட். இதைவிட நல்லது, வெட்டுவதற்கு முன்பே முழு டேக்குக்கும் கெயின் கொடுத்துவிடுவது.

பிரீமியரில் ‘ஜி’ விசையை அழுத்தினால் ஆடியோ கெயின் பெட்டி வரும். அங்கே ‘நார்மலைஸ் மேக்ஸ் பீக்’ எல்லாவற்றையும் ஒரே அளவு நகர்த்தும், ‘நார்மலைஸ் ஆல் பீக்ஸ்’ தனித்தனியாக நகர்த்தும். இரண்டுமே பீக்கைப் பார்ப்பவை, நம் வேலைக்கு ஆகாது. ‘அட்ஜஸ்ட் கெயின் பை’ என்பதில் மேலே கணக்கிட்ட எண்ணைக் கையால் போடுங்கள். எசென்ஷியல் சவுண்ட் பலகத்தில் டயலாக் என்று குறித்து ‘ஆட்டோ மேட்ச்’ அழுத்தினால் −23 லஃப்ஸுக்குக் கொண்டுபோகும். தொடக்கப் புள்ளியாக அதுவும் பரவாயில்லை, ஆனால் குட்டித் துண்டுகளில் அதே முனகல் சிக்கல் வரும்.

இரண்டு மைக்கும் ஒரே மேசையில் இருந்தால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கிலும் விழும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும், அளவும் ஆடும். பேசாதவரின் ட்ராக்கை அந்த நேரத்தில் 12 முதல் 15 டிபி இறக்குங்கள். முழுதாக ம்யூட் செய்தால் அறையின் மெல்லிய இரைச்சல் வந்து வந்து போகும். காது அதை உடனே பிடித்துவிடும்.

கெயின் முடிந்த பிறகுதான் கம்ப்ரசர். கம்ப்ரசரின் த்ரெஷோல்ட் ஒரு நிலையான கோடு, அதைத் தாண்டும் ஒலியை மட்டுமே அது அமுக்கும். −28இல் பேசுகிறவர் அந்தக் கோட்டைத் தொடவே மாட்டார், −18இல் பேசுகிறவர் அதற்கு மேலேயே வாழ்வார். ஒருவர் அப்படியே போக, மற்றவர் மட்டும் நசுங்குவார். முதலில் சமன் செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

கம்ப்ரசருக்கு முன்னால் 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ், அதாவது அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் வடிகட்டி, வையுங்கள். லாரி உறுமலும் மேசைத் தட்டலும் காதுக்குச் சரியாகக் கேட்காது. ஆனால் கம்ப்ரசருக்குக் கேட்கும்; காரணமே தெரியாமல் குரல் குழிந்து எழும். ரிசால்வின் ஒலிப் பக்கமான ஃபேர்லைட்டின் மிக்ஸரில் ஈக்யூ (ஹை பாஸ் இருக்கும் இடம்) முதலா டைனமிக்ஸ் (கம்ப்ரசர் இருக்கும் இடம்) முதலா என்ற வரிசையை மாற்ற முடியும், ஈக்யூ முன்னால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கு ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 3:1, அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 10 மில்லிவிநாடி, ரிலீஸ் (விடுவிக்க எடுக்கும் நேரம்) 100 முதல் 150 எனத் தொடங்கலாம். த்ரெஷோல்டை எண் பார்த்து வைக்காதீர்கள். உரத்த சொற்களில் கெயின் ரிடக்‌ஷன் முள் (எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டுவது) 3 முதல் 5 டிபி அசையும்வரை இறக்குங்கள், சாதாரணப் பேச்சில் அது அசையாமலோ 1 டிபி மட்டும் அசைந்தோ இருக்கட்டும். த்ரெஷோல்ட் −20 என்றால், −12இல் வரும் ஒரு சொல் கோட்டுக்கு 8 மேலே இருக்கிறது. 3:1இல் அது 2.7 ஆகி −17.3இல் வெளிவரும், அதாவது 5.3 டிபி குறைந்தது. அதே அளவை மேக்கப் கெயினில், அதாவது அமுக்கிய பின் ஏற்றும் அளவில், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 3 கொடுத்துப் பாருங்கள். முள் 8, 10 என்று இறங்கினால் சொற்களுக்கு நடுவே மூச்சும் ஃபேனும் எழும்பி வரும். அப்படி வந்தால் கம்ப்ரசரைத் திருகிக்கொண்டு உட்காராமல், அலறும் அந்த நாலைந்து சொற்களைக் கிளிப்பிலேயே கீஃபிரேம் (அளவு மாற வேண்டிய இடத்தைக் குறிக்கும் புள்ளி) போட்டு இறக்குங்கள். இரண்டு நிமிட வேலை. எந்தப் பிளக்இன்னும் அதற்கு ஈடாகாது.

தெருத் துண்டுக்கு 13 டிபி கூட்டினோமே, அங்கே போக்குவரத்து இரைச்சலும் 13 டிபி கூடியிருக்கும். இரைச்சல் நீக்கியைக் கம்ப்ரசருக்கு முன் போடுங்கள், 6 முதல் 9 டிபி குறைந்தால் போதும். முழுதாக உறிஞ்சினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகும். மிச்ச இரைச்சலை மறைக்க ஒரு வழி உண்டு: அதே தெருவின் ஒலியை வெட்டுக்கு ஒரு விநாடி முன்பே மெல்ல ஏற்றி, முடிந்த பின் ஒரு விநாடி கழித்து இறக்குங்கள். திடீரென்று வராததைக் காது மன்னித்துவிடும்.

இசை. குரலைவிட 15 கீழே வைத்துத் தொடங்குங்கள், 12இலிருந்து 18வரை ரசனைப்படி நகரலாம். குரல் −16 என்றால் அடியில் ஓடும் பிஜிஎம் −31 அளவில். சந்தையில் வரும் பாட்டுகள் பல −9 அளவில் மாஸ்டர் செய்யப்பட்டிருக்கும், ஆகவே 22 டிபி இறக்க வேண்டியிருக்கும். ஃபேடரை அவ்வளவு தூரம் இழுப்பது பலருக்குத் தயக்கமாக இருக்கும், தயங்காதீர்கள். பேச்சு இல்லாத இடத்தில் அதை −20வரை ஏற்றலாம். டக்கிங், அதாவது பேச்சு வரும்போது இசையைத் தாழ்த்துவது, செய்தால் பேச்சுக்கு அரை விநாடி முன்பே இறங்கத் தொடங்கி, பேச்சு முடிந்து ஒரு விநாடியில் ஏறட்டும். ஒவ்வொரு வாக்கிய இடைவெளிக்கும் இசை எழுந்தால் மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். பிரீமியரின் தானியங்கி டக்கிங் கீஃபிரேம்களை நெருக்கமாகக் கொட்டும், பாதியை அழித்துவிடுங்கள். இறக்கியும் சொற்கள் தெளியவில்லையென்றால் இசையில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 3, 4 டிபி வெட்டுங்கள், மெய்யெழுத்துகள் வாழும் இடம் அது. வாய்ப்பாட்டு உள்ள இசையைப் பேச்சுக்கு அடியில் போடவே வேண்டாம்.

கடைசியாக மாஸ்டர் பஸ்ஸில் லிமிட்டர் (குறித்த கூரையை ஒலி தாண்டவிடாத கருவி), கூரை −1 டிபி ட்ரூ பீக் (சாம்பிள்களுக்கு இடையே எழும் உச்சத்தையும் சேர்த்த அளவு). 0 என்று வைத்தால் எக்ஸ்போர்ட்டில் ஏஏசி என்ற ஒலி வடிவத்துக்குச் சுருக்கும்போது உச்சங்கள் கொஞ்சம் தாண்டி எழுந்து போன் ஸ்பீக்கரில் பிசிறும். ஃபேர்லைட்டின் லவுட்னெஸ் மீட்டரை ரீசெட் செய்து, ஸ்டார்ட் அழுத்தி, வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுங்கள். நடுவில் தாவினால் இன்டக்ரேட்டட் எண் செல்லாது. பிரீமியரில் மிக்ஸ் ட்ராக்கில் லவுட்னெஸ் மீட்டரைப் போட்டு இதே வேலை. −18.2 வந்து இலக்கு −15.5 என்றால், லிமிட்டருக்கு முன்னால் 2.7 டிபி ஏற்றுங்கள், லிமிட்டருக்குப் பின்னால் அல்ல. லிமிட்டர் எப்போதாவது 2, 3 டிபி தொட்டால் சரி. இடைவிடாது தொட்டுக்கொண்டே இருந்தால் இலக்கை ஒரு புள்ளி இறக்குங்கள். அப்படியே ஓட்டிப் பார்க்கும்போது ஷார்ட் டெர்ம் பேச்சு முழுக்க இலக்கைச் சுற்றி 2 மேலே, 2 கீழே என்ற எல்லைக்குள் நிற்கிறதா என்று கவனியுங்கள். தாண்டும் இடங்களில் மார்க்கர் போட்டு, திரும்பி வந்து கிளிப் கெயினிலேயே திருத்துங்கள், மாஸ்டரில் அல்ல.

எக்ஸ்போர்ட்டில் ‘லவுட்னெஸ் நார்மலைசேஷன்’ தேர்வு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது முழு ஒலியையும் ஒரு சேர நகர்த்தும், உள்ளே இருக்கும் மேடு பள்ளத்தை நிரவாது. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளின் லவுட்நார்ம் வடிகட்டியை ஒரே ஓட்டத்தில் பயன்படுத்தினால் அது போகப்போக அளவை மாற்றிக்கொண்டே போகும், இசைக்கு நடுவே அது கேட்கும். முதல் ஓட்டத்தில் அளந்து, அந்த எண்களை இரண்டாம் ஓட்டத்தில் கொடுங்கள். சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் என்றும் குறிப்பிட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒரே ஓட்ட முறையில் அது 192க்குத் தாவும்.

எல்லாம் செய்தும் வீட்டில் ஒரு மாதிரி, வெளியில் ஒரு மாதிரி கேட்கிறதென்றால் கேட்கும் வழியைப் பாருங்கள். விண்டோஸில் ‘லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்’ ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் விட்ட தவறையெல்லாம் அது உங்களிடமிருந்து மட்டும் மறைக்கும். அதை அணைத்து, எடிட் முடியும்வரை கணினி வால்யூமை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வால்யூமைக் கூட்டினால், அதற்குப் பின் வரும் கிளிப்களைக் கை தானாகக் குறைத்தே வைக்கும். எக்ஸ்போர்ட் செய்த கோப்பை போன் ஸ்பீக்கரில், வால்யூமைக் கால்வாசியில் வைத்து ஒருமுறை கேளுங்கள். ஒருவர் பேச்சு புரிந்து மற்றவர் பேச்சு புரியாமல் போனால், மீட்டர் என்ன சொன்னாலும் அந்த ட்ராக்கை 1 டிபி ஏற்றிவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

அடுத்த பேட்டிக்கு: கேமராவின் ஆட்டோ கெயினை அணைத்து, உரத்த சொற்கள் −12இல் நிற்கும்படி பதியுங்கள். ஆட்டோ கெயின் ஏற்றி இறக்கிப் பதிந்த இரைச்சலை மேலே சொன்ன எதனாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.